அமெரிக்காவுக்கு அனிமே வந்த கதையைப் பார்த்தே தெரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்காவில் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், எப்படி இவ்வளவு பெரிதானது என்று கேட்டால் பலரும் ‘போக்கிமான்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘டிராகன் பால் ஸீ’ என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். தப்பில்லை. ஆனால் அந்த இரண்டும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அமெரிக்காவில் அனிமேவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்த முப்பது வருடக் கதையைப் படித்துத் தெரிந்துகொள்ளப் போனால் ஆண்டுகளும் கம்பெனிப் பெயர்களுமாக வந்து குவியும், இரண்டு நாளில் மறந்தும் போகும். நான் செய்து பார்த்த வழி வேறு. ஒரு பதினைந்து எபிசோட், மூன்று படம், இவற்றை வந்த வரிசையில் பார்ப்பது. அதுவும் ஜப்பானில் வந்தபடி மட்டும் பார்த்தால் போதாது, அமெரிக்க வீட்டு டிவியில் எப்படி வந்ததோ அப்படியும் பார்க்க வேண்டும். வெட்டியது, ஒட்டியது, பேரை மாற்றியது எல்லாம் சேர்த்து. ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அந்த வெட்டு விழுந்த இடங்களில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொடருக்கும் நாலு விஷயம் எழுத வேண்டும்: ஜப்பானில் எந்த வருடம், அமெரிக்காவில் எந்த வருடம், எந்த வழியாக வந்தது, வரும் வழியில் என்ன மாறியது. ‘வழி’ என்று நான் சொல்வது டிவியா, தியேட்டரா, கேசட்டா, இணையமா என்பதை. சின்னக் குறிப்பு போதும், ஆனால் முதல் இரண்டையும் விடாமல் எழுதுங்கள், கடைசியில் அந்த இடைவெளிக்கு வேலை இருக்கிறது.

அப்புறம், ஆரம்பத்திலேயே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. ஆங்கில டப்பிங்கில் பார்த்துவிட்டால் அமெரிக்கர்கள் பார்த்ததைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஆங்கில டப்பிங்? ‘செய்லர் மூன்’ இன்று ஸ்ட்ரீமிங்கில் ஆங்கிலத்தில் கிடைப்பது 2014க்குப் பிறகு விஸ் நிறுவனம் வெட்டாமல் புதிதாகச் செய்தது, 1995இல் குழந்தைகள் பார்த்தது அது இல்லை. ‘டிராகன் பால் ஸீ’யின் முதல் 67 எபிசோடையும் ஃபனிமேஷன் நிறுவனம் 2005இல் மறுபடி டப் செய்தது. பழையது வேண்டுமென்றால் 2013இல் ‘ராக் தி டிராகன்’ என்ற பெயரில் வந்த டிவிடி தொகுப்பைத் தேட வேண்டும். ‘அகிரா’வுக்கும் இரண்டு டப்பிங் உண்டு, பழையது ஸ்ட்ரீம்லைன் என்ற நிறுவனம் வெளியிட்டது, அடுத்தது 2001இல் வந்தது. நான் இது தெரியாமல் புது டப்பிங்கையே முழுக்கப் பார்த்துவிட்டு, இதில் என்னப்பா வெட்டிவிட்டார்கள் என்று ஒரு வாரம் குழம்பிக்கொண்டிருந்தேன்.

ரோபோ பையனும் ரேஸ் காரும்

முதலில் ‘ஆஸ்ட்ரோ பாய்’. இதற்கு முன்பே, 1961இல், தோயேய் ஸ்டுடியோவின் மூன்று முழுநீளப் படங்கள் ஆங்கிலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தன, பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானிய டிவியில் 1963 ஜனவரி 1 அன்று ஆரம்பித்தது, அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவில் ஓடியது. எட்டே மாதம். என்பிசி என்ற டிவி நிறுவனத்தின் துணை நிறுவனம் வாங்கி ஊர் ஊராக உள்ள சேனல்களுக்கு விற்றது, ஆங்கில வடிவத்தைப் பார்த்துக்கொண்டவர் ஃபிரெட் லாட். மொத்தம் 193 எபிசோடில் 104 மட்டும்தான் ஆங்கிலத்துக்குப் போனது.

ஒரே ஒரு எபிசோட் போதும். பார்க்கும்போது கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு முகங்களைக் கவனியுங்கள். உடம்பு அசையாது, கண் அசையாது, வாய் மட்டும் திறந்து மூடும். வாரம் ஒரு எபிசோட் முடிக்க வேண்டும், கையில் காசு குறைவு, அதனால் தெசுகாவின் ஸ்டுடியோ படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து வரைந்தது. இதில் யாரும் திட்டமிடாத லாபம் ஒன்று உண்டு: திறந்து மூடும் வாய்க்கு எந்த மொழியையும் பொருத்திவிடலாம். அன்றைக்கு இதைப் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இது ஜப்பானில் செய்தது என்றே தெரியாது, விற்றவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்தது ‘ஸ்பீட் ரேஸர்’, ஜப்பானில் 1967, அமெரிக்காவிலும் 1967, 52 எபிசோட். இதைக் கண்ணைவிடக் காதால் பாருங்கள். எல்லோரும் மூச்சு விடாமல் கடகடவென்று பேசுவார்கள். ஆங்கில வசனம் எழுதியவர் பீட்டர் ஃபெர்னாண்டஸ், நாயகன் ஸ்பீடுக்குக் குரல் கொடுத்ததும் அவரே. ஜப்பானிய வாயசைப்புக்குள் ஆங்கில வாக்கியத்தை அடைக்க வேண்டும் என்பதால் வந்த வேகம் அது, பின்னாளில் கேலி செய்பவர்கள் எல்லாம் இந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு வேடிக்கை: நாயகனின் சட்டையில் ஆங்கில எழுத்து ‘ஜி’ இருக்கும். ஸ்பீட் ரேஸர் என்பவன் சட்டையில் ஏன் ‘ஜி’? ஜப்பானில் அவன் பெயர் கோ மிஃபுனே. பெயரை மாற்றிவிட்டார்கள், சட்டையை மாற்றக் காசு செலவழிக்கவில்லை. இந்த மாதிரி மறைக்க மறந்த இடங்களை நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு காலத்திலும் ஒன்றாவது கிடைக்கும்.

அப்புறம் சில வருடம் வறட்சி. எல்லா வீட்டிலும் கலர் டிவி வந்ததும் கறுப்பு வெள்ளைத் தொடர்கள் மதிப்பிழந்தன, குழந்தைகள் நிகழ்ச்சியில் அடிதடி கூடாது என்று பெற்றோர்களின் அமைப்புகளும் குரல் எழுப்பின. இந்த வறட்சிக்கு நீங்கள் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை, நோட்டில் இரண்டு வரி காலியாக விடுங்கள்.

விண்வெளிக்கு வந்த கிராக்கி

1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது, விண்வெளி என்று பெயர் இருந்தால் எதுவும் விலைபோகும் நிலை வந்தது. சாண்டி ஃபிராங்க் என்ற தயாரிப்பாளர் ‘காட்சாமான்’ என்ற 1972ஆம் வருட ஜப்பானியத் தொடரை வாங்கி ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ ஆக்கி 1978இல் விட்டார். இங்கேதான் உங்கள் முதல் ஒப்பீட்டுப் பயிற்சி. இரண்டின் முதல் எபிசோடையும் அடுத்தடுத்துப் பாருங்கள், முதலில் அமெரிக்க வடிவம், அப்புறம் ஜப்பானியம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூலத்தை முதலில் பார்த்தால் அமெரிக்க வடிவத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள், அவ்வளவுதான். அமெரிக்க வடிவத்தை முதலில் பார்த்தால் அன்றைய குழந்தை மாதிரி அதை நம்பிப் பார்ப்பீர்கள், அப்புறம் மூலத்தைப் பார்க்கும்போது என்ன பிடுங்கப்பட்டது என்று உறைக்கும்.

என்ன தெரியும்? ஜப்பானிய வடிவத்தில் சண்டை பூமியில், மனிதர்கள் சாகிறார்கள். அமெரிக்க வடிவத்தில் பாதி சண்டை வேறு கிரகங்களுக்குப் போய்விட்டது. வெட்டிய நிமிடங்களை நிரப்ப 7-ஸார்க்-7 என்ற குட்டி ரோபோவைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள், அது அவ்வப்போது வந்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிற மாதிரி ஆறுதல் சொல்லிவிட்டுப் போகும். அது எந்தப் படத்து ரோபோவின் தம்பி என்று பார்த்ததும் தெரிந்துவிடும். 105 எபிசோடில் 85ஐ வைத்துச் செய்தார்கள்.

அடுத்த வருடம், 1979இல், ‘ஸ்டார் பிளேஸர்ஸ்’. இது 1974இல் வந்த ‘யமாத்தோ’. இதிலும் மாற்றம் உண்டு, கப்பலின் பெயர் ஆர்கோ ஆனது, எப்போதும் சாக்கே என்ற ஜப்பானிய மது குடித்துக்கொண்டிருக்கும் டாக்டர் ‘ஊற்றுத் தண்ணீர்’ குடிக்க ஆரம்பித்தார். (ஊற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு ஏன் இப்படித் தள்ளாடுகிறார் என்று கேட்கக் கூடாது.) ஆனால் இதில் தொட முடியாத ஒன்று இருந்தது. கதை தொடர்கதை. கப்பல் போகிறது, பூமிக்கு இத்தனை நாள்தான் பாக்கி என்று ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் எண்ணிக்கை குறைகிறது. அமெரிக்கக் கார்ட்டூன்களை எந்த நாளில் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம், இதை ஒரு நாள் விட்டால் போச்சு. முதல் மூன்று எபிசோடைத் தொடர்ந்து பாருங்கள், நாலாவதைப் போடக் கை தானாகப் போகும். அந்தப் பரபரப்புதான் புதுசு.

விட்டுவிடக் கூடாது என்ற பயம் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பதிவு செய்வார்கள். வீட்டு வீடியோ ரெக்கார்டர் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது, லாஸ் ஏஞ்சலிஸில் ஜப்பானிய மொழிச் சேனலில் ராட்சத ரோபோத் தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1977இல் அங்கே ஃபிரெட் பேட்டனும் நண்பர்களும் சேர்ந்து ‘கார்ட்டூன்/ஃபேன்டசி ஆர்கனைசேஷன்’ என்ற ரசிகர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அனிமே ரசிகர் என்ற ஆள் பிறந்தது இங்கேதான். அதுவரை குழந்தைகள் இருந்தார்கள், பார்வையாளர்கள் இருந்தார்கள், இது ஜப்பான் என்று தெரிந்தே தேடிப் பிடித்தவர்கள் இவர்கள்.

65 என்ற எண்

நோட்டின் நடுப்பக்கத்தில் 65 என்று பெரிதாக எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, 13 வாரம், ஐந்தை 13ஆல் பெருக்கினால் 65. எண்பதுகளில் ஊர்ச் சேனல்களுக்குக் கார்ட்டூன் விற்க வேண்டுமென்றால் இத்தனை எபிசோட் கையில் வேண்டும். ‘மேக்ரோஸ்’ என்ற 1982ஆம் வருடத் தொடரை ஹார்மனி கோல்ட் நிறுவனம் வாங்கியது, அதில் இருந்தது 36. அமெரிக்க வடிவத்தைச் செய்த கார்ல் மேசெக் என்ன செய்தார்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இன்னும் இரண்டு தொடர்களை, ‘சதர்ன் கிராஸ்’, ‘மொஸ்பியாடா’ என்பவற்றை எடுத்து, மூன்றையும் ஒரே கதையின் மூன்று தலைமுறை மாதிரி வசனத்திலேயே தைத்து, 85 எபிசோடுள்ள ‘ரோபோடெக்’ ஆக்கி 1985இல் விட்டார்.

இதில் பார்க்க வேண்டியது மூன்று எபிசோட்: முதலாவது, 36, 37. முப்பத்தாறில் ஒரு உலகம் முடியும், முப்பத்தேழில் வரைந்த கையே வேறு, உடை வேறு, ரோபோ வேறு, ஆனால் குரல்கள் மட்டும் எல்லாம் ஒரே கதைதான் என்று சாதிக்கும். மேசெக்கை ரசிகர்கள் பல வருடம் திட்டினார்கள். எனக்கு அதில் முழுக்க உடன்பாடு கிடையாது. முக்கியமானவர்கள் செத்தார்கள், காதல் முக்கோணம் இருந்தது, போருக்கு விலை இருந்தது, இவற்றையெல்லாம் சாயங்காலக் கார்ட்டூனில் விட்டுவைத்தவரும் அவர்தான். ஊசியும் நூலும் அவருடையது, 65 என்ற கணக்கு அவருடையது இல்லை. ‘மேக்ரோஸ்’ உரிமைச் சண்டை ஜப்பான் நிறுவனங்களுக்கும் ஹார்மனி கோல்டுக்கும் நடுவில் 2021 வரை இழுத்தது, அதனால் நடுவில் வந்த பல ‘மேக்ரோஸ்’ தொடர்களை அமெரிக்கர்கள் ஒழுங்காக வாங்கிப் பார்க்கவே முடியவில்லை.

அதே 1985இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் ‘நௌசிக்கா’ படத்தை இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்று விட்டார்கள். இதைத் தேடிப் பிடித்து முழுக்கப் பார்க்க வேண்டாம், போஸ்டரை மட்டும் பாருங்கள். படத்திலேயே இல்லாத ஆண் வீரர்கள் முன்னால் நிற்பார்கள், கதையின் நாயகி ஒரு ஓரத்தில். இந்தக் காயத்துக்குப் பிறகுதான் மியாசாக்கியின் கிப்லி ஸ்டுடியோ வெளிநாட்டில் எதையும் வெட்டக் கூடாது என்று உறுதியாக நின்றது. பின்னால் ‘பிரின்சஸ் மொனோனோகே’ படத்தை 1999இல் மிராமேக்ஸ் வெளியிட்டபோது, வெட்டச் சொல்லி அழுத்தம் வர, ‘வெட்டு கூடாது’ என்ற குறிப்போடு ஒரு சாமுராய் வாள் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியது தன் தயாரிப்பாளர் என்று மியாசாக்கியே ஒரு பேட்டியில் சொன்னார்.

கேசட் காலம்

இதை இன்று அப்படியே அனுபவிக்க முடியாது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் இருந்து ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் சப்டைட்டிலை ஏற்றி, விஎச்எஸ் கேசட்டாகச் சுற்றில் விட்டார்கள். வெற்றுக் கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் அனுப்பினால் பதிவு செய்து அனுப்புவார்கள். காப்பிக்குக் காப்பி எடுத்து எடுத்து நாலாவது கைக்கு வரும்போது முகம் எது வானம் எது என்று தெரியாது. திரையில் விற்பனைக்கு அல்ல என்று போட்டிருக்கும், யாராவது முறையாக உரிமை வாங்கிவிட்டால் சுற்றில் விடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த நேர்மை. இந்த ரசிகர்களில் சிலரும் பிறகு கம்பெனி ஆரம்பித்தார்கள். அனிமெய்கோ, சென்ட்ரல் பார்க் மீடியா, ஹூஸ்டனில் ஏடிவி என்று வரிசையாக வந்தன. ஒரு கேசட்டில் பெரும்பாலும் இரண்டே எபிசோட், டப்பிங் கேசட் தனி, சப்டைட்டில் கேசட் தனி, இரண்டாவதற்கு விலையும் கூட. டப்பிங்கா சப்டைட்டிலா என்று இன்றும் ரசிகர்கள் அடித்துக்கொள்வதற்கு இந்த இரண்டு விலைகளும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இந்தக் காலத்துக்கு இரண்டு படம் பாருங்கள். ‘அகிரா’, ஜப்பானில் 1988, அமெரிக்காவில் கார்ல் மேசெக்கும் ஜெர்ரி பெக்கும் ஆரம்பித்த ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ் சிறு தியேட்டர்களில் ஓட்டியது. திட்டு வாங்கிய அதே மேசெக், இந்த முறை வெட்டாமல். இரண்டாவது ‘கோஸ்ட் இன் தி ஷெல்’, 1996 ஆகஸ்டில் அமெரிக்க வீடியோ விற்பனையில் பில்போர்ட் பட்டியலின் முதல் இடத்துக்குப் போனது. இவற்றைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு என்ற எண்ணத்தை உடைத்தவை இவைதான், கூடவே ஜப்பான் கார்ட்டூன் என்றாலே ரத்தமும் ஆபாசமும் என்ற தப்பெண்ணத்துக்கும் அந்தக் காலத்து வீடியோக் கடை அலமாரிகள் வழி செய்தன.

பள்ளி விட்டு வந்து டிவியைப் போட்டால்

இந்தப் பகுதிக்கு ஒரு வாரக் கடைசியை முழுசாக ஒதுக்குங்கள். அமெரிக்காவில் அனிமே ரசிகர் சங்கத்தை விட்டு வெளியே வந்து வகுப்பறைக்குள் நுழைந்தது இங்கேதான்.

‘செய்லர் மூன்’ ஜப்பானில் 1992, அமெரிக்காவில் 1995 செப்டம்பர். உசாகி என்ற பெண் செரீனா ஆனாள், ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் ஒரு நல்லுரை ஒட்டப்பட்டது. முதலில் எத்தனை எபிசோட் டப் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 65. நடுப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் பருவத்தின் 46 எபிசோட் 40 ஆனது. நீங்கள் பார்க்க வேண்டியது ஜப்பானிய வடிவத்தின் 45, 46ஆம் எபிசோடுகள், அவற்றை ஒன்றாக்கிச் செய்த அமெரிக்க வடிவத்தின் நாற்பதாவது எபிசோட். மூலத்தில் தோழிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், அவள் தனியாக நிற்கிறாள். அமெரிக்க வடிவத்தில் அவர்கள் பிடிபட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு எபிசோட் சோகத்தை ஒன்றில் அடக்கும்போது எதை விட்டார்கள், எங்கே இசையை மாற்றினார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

‘டிராகன் பால் ஸீ’ ஜப்பானில் 1989, அமெரிக்காவில் 1996. முதல் 67 எபிசோட் 53 ஆகச் சுருங்கியது. யாரும் சாவதில்லை, ‘வேறு பரிமாணத்துக்கு’ அனுப்பப்படுகிறார்கள். ஒரு இடத்தில் விமானம் வெடித்துச் சிதறும், உடனே ஒரு குரல், அவர்களுடைய பாராசூட் தெரிகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும். கோக்கு நரகத்தில் விழும் எபிசோடை விடாதீர்கள். அங்கே காவல் நிற்கும் பூதங்களின் பனியனில் நரகம் என்பதற்கான ஆங்கிலச் சொல் எழுதியிருந்தது. நடுவில் இரண்டு எழுத்தை லேசாக மாற்றி ‘எச்எஃப்ஐஎல்’ ஆக்கி, ‘முடிவில்லாத் தோல்வியாளர்களின் இல்லம்’ என்று அதற்கு ஒரு விரிவும் கொடுத்தார்கள். இப்படியொரு கற்பனை தணிக்கையில் இருந்து வந்தது என்பதை நினைத்தால் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது.

சரி, வேடிக்கையை விடுங்கள், முக்கியமான விஷயம் இது. இந்த இரண்டு தொடர்களும் ஊர்ச் சேனல்கள் வழியாக வந்தபோது ஒழுங்கான நேரம் கிடைக்காமல் தடுமாறின. பல ஊர்களில் ‘செய்லர் மூன்’ பிள்ளைகள் கண்விழிக்கும் முன்பே ஓடி முடிந்துவிடும். புது எபிசோட் செய்வதை நிறுத்தினார்கள், ரசிகர்கள் தொடரைக் காப்பாற்றக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். கார்ட்டூன் நெட்வொர்க் 1997 மார்ச் 17 அன்று ‘டூனாமி’ என்ற சாயங்காலத் தொகுப்பை ஆரம்பித்து, 1998இல் இரண்டையும் அதில் சேர்த்தது. அதே எபிசோட், அதே வெட்டு, அதே குரல். மாறியது மணி மட்டும். பள்ளி விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு டிவி முன் உட்காரும் நேரம், வாரத்தில் ஐந்து நாள், தொடர்கதை. தீப்பிடித்த மாதிரி பரவியது. 1999 செப்டம்பரில் ஃபனிமேஷன் டெக்ஸஸில் தன் சொந்தக் குரல் கலைஞர்களை வைத்துப் புது எபிசோடுகளைக் கொண்டுவந்தது. அமெரிக்கர்களுக்கு ஜப்பானிய ரசனை திடீரென்று எங்கிருந்தோ வந்தது என்று யாராவது சொன்னால் இந்த நேர அட்டவணையைக் காட்டுங்கள்.

‘போக்கிமான்’ இதில் தனி ரகம். டிவி தொடர் 1998 செப்டம்பர் 8, வீடியோ கேம் செப்டம்பர் 28. இருபது நாள் இடைவெளியில் இரண்டும், அப்புறம் சீட்டுக்கட்டு, அப்புறம் 1999 நவம்பரில் சினிமா, அது அமெரிக்காவில் மட்டும் எட்டரைக் கோடி டாலர் வசூலித்தது. வியாபாரமாகப் பார்த்தால் இதுதான் பெரிய வெடி. நமக்குப் பார்க்க வேண்டியது ஒரே ஒரு காட்சி: நாயகனின் நண்பன் ப்ராக் கையில் முக்கோணமான சோற்று உருண்டை, வெள்ளை வெளேரென்று, கறுப்புக் கடற்பாசி சுற்றி. அவன் அதை ஜாம் வைத்த டோனட் என்பான். ‘மறைக்க மறந்த இடங்கள்’ பட்டியலில் இதற்கு முதல் பரிசு. சோறு என்று சொன்னால் அமெரிக்கக் குழந்தைக்குப் புரியாது என்று நினைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்து அதன் ஜப்பானியப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஒளித்ததையே விற்ற காலம்

2001 செப்டம்பர் 2 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் பெரியவர்களுக்கான ‘அடல்ட் ஸ்விம்’ இரவுத் தொகுப்பு ஆரம்பித்தது, முதல் இரவிலேயே ‘கவ்பாய் பீபாப்’. முதல் எபிசோடைப் பாருங்கள், ஆங்கில டப்பிங்கிலேயே. டப்பிங் என்றால் மட்டம் என்று சொல்பவர்களை வாயடைக்க ரசிகர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். டிவிடி வந்ததும் டப்பிங்கும் சப்டைட்டிலும் ஒரே தட்டில், இரண்டு விலைப் பிரச்சினை தீர்ந்தது. 2002இல் டோக்கியோபாப் நிறுவனம் மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களைத் திருப்பாமல், ஜப்பானில் படிப்பது போலவே வலமிருந்து இடமாக அச்சிட்டு, அதுதான் அசல் என்று அட்டையில் பெருமையாகப் போட்டு விற்றது. ‘ஸ்பீட் ரேஸர்’ சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வருடம் ஒளித்து வைத்த ஜப்பான் இப்போது முத்திரை ஆகிவிட்டது.

இது புரியாமல் மாட்டிக்கொண்டதற்கு உதாரணம் 2004இல் வந்த ‘ஒன் பீஸ்’ டப்பிங். சாஞ்சி என்ற பாத்திரத்தின் வாயில் இருந்த சிகரெட்டை லாலிபாப்பாக மாற்றினார்கள். பத்து வருடம் முன்னால் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 2004இல் இணையத்தில் மூலத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சில வருடத்தில் ஃபனிமேஷன் அதை வாங்கி வெட்டாமல் செய்தது.

ஒரு மணி நேரம்

அப்புறம் சரிவு. இணையத்தில் ஓசியில் எல்லாம் கிடைத்தது, டிவிடி விற்பனை விழுந்தது, 2007இல் ஜெனியோன் என்ற டிவிடி நிறுவனம் அமெரிக்கக் கடையை மூடியது, 2009இல் சென்ட்ரல் பார்க் மீடியாவும் ஏடிவியும் போய்விட்டன. ‘டூனாமி’யே 2008இல் நின்று 2012இல்தான் திரும்பியது. 2006இல் பெர்க்லியில் படித்த சிலர் ஆரம்பித்த க்ரஞ்சிரோல் என்ற இணையதளம், முதலில் ரசிகர்கள் ஏற்றிய உரிமையில்லாத வீடியோக்களை வைத்துத்தான் ஓடியது. 2009 ஜனவரியில் திருந்தி, டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு, ‘நரூட்டோ ஷிப்புடென்’ ஜப்பானில் ஓடிய ஒரு மணி நேரத்தில் சந்தாதாரர்களுக்குச் சப்டைட்டிலோடு கொடுத்தது. 2021இல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இப்போது நோட்டில் அந்த முதல் இரண்டு குறிப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ‘ஆஸ்ட்ரோ பாய்’ எட்டு மாதம், ‘ஸ்பீட் ரேஸர்’ அதே வருடம், ‘காட்சாமான்’ ஆறு வருடம், ‘யமாத்தோ’ ஐந்து, ‘டிராகன் பால் ஸீ’ ஏழு, ‘நரூட்டோ’ மூன்று, அதன் அடுத்த பாகம் ஒரு மணி நேரம். இடைவெளி நேர்கோடாகக் குறையவில்லை, முதலில் கூடி அப்புறம் சரிந்தது. அறுபதுகளில் வாங்கியவர்களுக்கு வேண்டியது மலிவான கார்ட்டூன், அது எந்த நாட்டுடையது என்ற கேள்வியே இல்லாததால் வேகமாக வாங்கினார்கள். பிறகு வாங்க வந்தவர்கள் தயங்கித் தயங்கி, ஜப்பானில் ஜெயித்ததை மட்டும் பல வருடம் கழித்து எடுத்தார்கள். நடுவில் இருந்த அந்தத் தயக்கத்தைத்தான் கேசட் ஆட்கள் நிரப்பினார்கள்.

தியேட்டருக்கு ஒரு பக்கம் போதும். ‘ஸ்பிரிட்டட் அவே’ 2003இல் ஆஸ்கர் வாங்கியது, ஆனால் அந்தச் சமயத்தில் அமெரிக்க வசூல் ஒரு கோடி டாலர் அளவுதான். 2021 ஏப்ரலில் ‘டீமன் ஸ்லேயர்: முகென் டிரெய்ன்’ முதல் வாரக் கடைசியிலேயே இரண்டு கோடியைத் தாண்டியது, 2023 டிசம்பரில் மியாசாக்கியின் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ வசூல் பட்டியலில் முதலிடம் பிடித்து அடுத்த மார்ச்சில் ஆஸ்கரும் வாங்கியது, 2025 செப்டம்பரில் அடுத்த ‘டீமன் ஸ்லேயர்’ படம் முதல் வாரக் கடைசியில் ஏழு கோடி டாலர் பார்த்தது. இதில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் ‘ஸ்பிரிட்டட் அவே’, யோசிக்கவே வேண்டாம்.

நோட்டு நிறைந்ததும் அதை ஒரு ஆளிடம் சோதித்துப் பாருங்கள். அமெரிக்காவில் வளர்ந்த அனிமே ரசிகர் யாராவது அகப்பட்டால், பிடித்தது எது என்று கேட்காதீர்கள், முதலில் பார்த்தது எது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ‘ஸ்டார் பிளேஸர்ஸ்’ என்றால் கப்பலுக்கு எத்தனை நாள் பாக்கி என்று ஆரம்பிக்கலாம். ‘ரோபோடெக்’ என்றால் மேசெக் பெயரை எடுக்காமல் இருப்பது நல்லது, எடுத்தால் ராத்திரி தூக்கம் போகும். சாயங்காலம் ஐந்து மணி என்று பதில் வந்தால் மேற்கொண்டு கேட்க வேண்டாம், ‘டூனாமி’ ஆள், அந்தப் பனியனில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.